கூரையில் வெயில், தொட்டியில் காற்றில்லை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நல்ல வார்த்தை சொல்ல என்னைவிடப் பொறுமையான ஓய்வு பெற்றவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பின்னேரம் கடற்கரையில் நடப்பவர்களைப் பிடித்துக் கேட்டால் வேண்டிய மட்டும் சொல்வார்கள். என்னிடம் இருப்பது கோபம். வேலையை விட்டு வந்து மூன்று வருடமாகியும் அது ஆறவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிடுங்கள்.

கடைசிப் பத்து வருடமும் நான் பார்த்தது இப்போது உங்களுக்குத் தந்திருக்கும் அதே வேலைதான். வீட்டுக் கூரையில் யாராவது சோலர் பூட்டினால், அதைத் தெரு லைனோடு இணைப்பதற்கு முன் போய்ப் பரிசோதித்துக் கையெழுத்து வைக்கும் வேலை. தகடு எந்தச் சரிவில் இருக்க வேண்டும், எர்த் கம்பியை எவ்வளவு ஆழத்தில் இறக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. படிப்பிக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

நீங்கள் இந்தத் தொழிலில் இருப்பது தெரிந்துவிட்டால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார்: "சோலரை நம்பலாமா, ஜெனரேற்றரை நம்பலாமா?" நானும் ஒரு காலத்தில் ஒரே சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது சொல்வதில்லை. நிலாவெளியில் ஒரு விடுதிக்காரர் வெளிநாட்டில் எங்கோ பார்த்துவிட்டு வந்து, தன் கூரைக்கு மேலே மின்சாரம் எடுக்கும் சின்னக் காற்றாடி ஒன்றை நட்டார். கடற்கரையில் காற்றுக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தார். உப்புக்கும் பஞ்சமில்லை என்பது அவருக்கு நினைவு வரவில்லை. இரண்டு மாரி தாங்கியது. மூன்றாவது மாரியில் அச்சு துருப்பிடித்து இறுகி, காகம் குந்துவதற்கு நல்ல இடமாகிப் போனது. ஜெனரேற்றரும் அப்படித்தான். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில், ஊர் ஊராக ஜெனரேற்றர்கள் வெறும் இரும்புக் கட்டிகளாகக் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். அதே நாட்களில் பற்றரி வைத்த சோலர் வீடுகளில் மின்விசிறி சுழன்றது. அந்தப் பற்றரியும் ஒரு நாள் வீங்கிச் சாகும். எல்லாப் பொருளும் ஏதோ ஒரு நேரத்தில் கைவிடும். எந்த நேரத்தில் கைவிடும் என்று தெரிந்து வைத்திருப்பவன் அதற்கு ஏற்ப ஆயத்தமாக இருப்பான். தெரியாதவனுக்கு அதைச் சொல்லாமல் விடுகிறவனோடுதான் எனக்குச் சண்டை.

என் வீட்டுக் கூரையிலும் சோலர் இருக்கிறது. ஆகவே நான் சோலருக்கு விரோதி என்று யாரும் கதை கட்ட வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், ஆனால் ஊருக்குத் தெரியாது. பற்றரி இல்லாமல் லைனோடு இணைத்த சோலர், லைனில் மின்சாரம் போன அந்த நொடியே தானும் நின்றுவிடும். உச்சி வெயில் கூரையில் கொட்டினாலும் கீழே ஒரு பல்ப் எரியாது. அது பழுது அல்ல. கம்பத்தில் ஏறி லைனைத் திருத்துபவன் நம் கூரை மின்சாரத்தில் சாகக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. நம்முடைய பரிசோதனையில் முக்கியமான பகுதியும் அதுதான். மெயின் சுவிச்சை இறக்குவோம். தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வேட்டர் உடனே அணைய வேண்டும். அணைந்தால் படிவத்தில் 'சரி' என்று போடுவோம். வீட்டுக்காரர் எதற்குப் பயப்படுகிறாரோ அது நம் கண் முன்னால் நடக்கிறது, நாம் அதற்குச் சரி போடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் வீட்டுக்காரரை யாரும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்துவதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. முப்பது வீட்டுக்குப் போனால் முப்பது வீட்டிலும் அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் அந்தச் சோதனை முடியும். எனக்கும் அப்படித்தான் பழகிப் போயிருந்தது.

இறக்கக்கண்டியில் பரீதா என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்குப் பின்னால் நாலு வட்டத் தொட்டி வைத்துக் கொடுவா மீன் குஞ்சு வளர்ப்பவர். விரல் நகமளவு குஞ்சுகளை வாங்கி வந்து, தொட்டிகளில் விட்டு, இரவு பகல் பாராமல் தீனி போட்டு, பெரிசு சிறிசு பிரித்து, கைவிரல் நீளம் வந்ததும் களப்பில் வலைக்கூடு போட்டிருக்கும் பத்துக் குடும்பங்களுக்குக் கொடுப்பார். அந்தக் குடும்பங்களின் வருடம் முழுவதும் அந்தத் தொட்டிகளில்தான் தொடங்கும். அத்தனை குஞ்சு நெருக்கமாக இருக்கும் தண்ணீரில் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதும் மோட்டார் நின்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பிறகு புரளும்.

அதற்காகப் பரீதாவிடம் ஒரு பெற்றோல் ஜெனரேற்றர் இருந்தது. சத்தமும் புகையுமாக அயலெல்லாம் திட்டும் ஜெனரேற்றர், ஆனால் கயிற்றை இழுத்தால் இரண்டாவது இழுப்பில் பிடிக்கும். பெற்றோல் வரிசைக் காலத்தில் அவருடைய கணவர் நஸூர் வெறும் கானைக் கையில் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்று அலுத்துப் போயிருந்தார். அந்த அலுப்புத் தெரிந்துதான் சோலர் கம்பனிக்காரன் அந்த வீட்டுப் படலையைத் திறந்திருக்க வேண்டும்.

நான் பரிசோதிக்கப் போன அன்று அவனும் நின்றான். மேலில் நல்ல வாசனை, காலில் நல்ல சப்பாத்து, வாய் ஓயாத சிரிப்பு. என் காது கேட்கவே பரீதாவிடம் சொன்னான்: "இனிக் கரண்ட் கட் எண்டு ஒண்டு உங்கட வீட்டுக்கு இல்ல அக்கா. ஊரே இருட்டுல இருந்தாலும் நீங்க வெளிச்சத்துல இரிப்பீங்க."

நான் கேட்டேன். நன்றாகவே கேட்டேன். கையில் அளவெடுக்கும் கருவி இருந்தது, அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பார்க்க இருந்தது. விற்பவனுக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கதை, எனக்கென்ன என்று நினைத்தேன். அது பொய் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவனோடு எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது, ஆனால் அந்த வாசலில் பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான், அவனுக்கே முழுதாகத் தெரிந்திருக்குமோ என்னவோ.

மெயினை இறக்கினேன். இன்வேட்டர் அணைந்தது. மெயினை ஏற்றினேன். சில நிமிடத்தில் இன்வேட்டரில் பச்சை விளக்கு வந்தது. கையெழுத்து வைத்தேன். படிவத்தின் மூலையில் என் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். பரீதா பிறகு வந்து, "எல்லாம் சரிதானே ஐயா?" என்று கேட்டார். "எல்லாம் சரி" என்றேன். அந்த மாதமே ஜெனரேற்றரைப் புல்மோட்டையில் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். அரசாங்க ஆள் வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகு அந்தப் புகையை யார் வைத்திருப்பார்கள்?

அடுத்த ஆடி மாதம். கச்சான் காற்று அடிக்கும் காலம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தரைப்பக்கத்திலிருந்து அனல் வாரி இறைக்கும். அன்று காலை பாலை மரம் ஒன்று முறிந்து இறக்கக்கண்டிப் பாலத்தடியில் லைன் மேல் விழுந்துவிட்டது. அந்த நேரம் நான் மின்சார சபைக் கந்தோரில் இருந்தேன். தொலைபேசி அடித்தது.

"ஐயா, நான் இறக்கக்கண்டி பரீதா. நீங்க பாத்துட்டுப் போன சோலர் பழுதாப் போய்ட்டு. கரண்ட் போய் ரெண்டு மணித்தியாலம். மோட்டர் ஓடுதில்ல. குஞ்செல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது. கம்பனிக்கு அடிக்க அடிக்க எடுக்கிறானில்ல. கொஞ்சம் வாங்களேன்."

பழுது இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "வாறன்" என்று மட்டும் சொன்னேன். மேலதிகாரி கதவால் எட்டிப் பார்த்து, "அது கம்பனிக்காரன்ட வேலையல்லோ, நீர் ஏன் போறீர்?" என்றார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பாலத்தடியில் நம் ஆட்கள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். மரத்தை வெட்டி ஒதுக்கிவிட்டு இரண்டு பேர் கம்பத்தில் ஏறி நின்றார்கள். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "கம்பி மூண்டு இடத்தில அறுந்து கிடக்கு சேர். பின்னேரமாகும்" என்றார் கீழே நின்றவர்.

பரீதாவின் வளவுக்குள் போனபோது முதலில் கேட்டது தண்ணீர் விழும் சத்தம். ஏழெட்டுப் பெண்கள் நாலு தொட்டியையும் சுற்றி நின்றார்கள். சட்டியால் தண்ணீரை அள்ளி, தோள் உயரத்துக்குத் தூக்கி, திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றினார்கள். அப்படி விழும் தண்ணீர் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான். கரண்ட் போனதிலிருந்து ஒருவரும் கையை நிறுத்தவில்லை. முக்காடு தோளில் சரிந்து, சட்டையெல்லாம் நனைந்து, முகம் சிவந்து போயிருந்தது. அவர்கள் தலைக்கு மேலே, கூரை முழுவதும் தகடுகள். அந்த வருடத்திலேயே நல்ல வெயில் அன்றுதான் அடித்திருக்கும். அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. இன்றும் கொதிக்கிறது.

அந்த நேரத்தில்தான் நஸூரைக் கண்டேன். விறாந்தையில் குந்தியிருந்து ஏதோ வயர் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயர். பக்கத்தில் வள்ளத்துப் பற்றரியும், கடலில் தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காக வள்ளத்தில் வைத்திருக்கும் சின்ன மாற்றுப்பெட்டியும். பற்றரியிலிருந்து வீட்டு மின்சாரம் எடுத்துத் தரும் பெட்டி அது.

"என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"கம்பனிக்காரன் இப்பதான் போன் எடுத்தவன் ஐயா. இந்தப் பெட்டியில இருந்து கொஞ்சம் கரண்டை வீட்டுச் சொக்கற்றுக்குள்ள விட்டா, லைன் வந்துட்டு எண்டு நினைச்சி சோலர் முழிக்குமாம். முழிச்சா மோட்டர் ஓடும்தானே."

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. எட்டிப் பாய்ந்து வயரைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. இழுபறியில் கதிரை ஒன்று சரிந்தது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரீதா கையில் சட்டியோடு ஓடி வந்தார்.

"நீங்களும் தரமாட்டீங்க, மனிசன் தாறதையும் விடமாட்டீங்களா? அங்க செத்துக்கிட்டு இருக்கு ஐயா! பத்துக் குடும்பத்துக்கு நான் என்ன சொல்ற?"

"மெயின் ஏத்தின படி கிடக்கு. இப்ப இந்தச் சோலர் முழிச்சா வீட்டோட நிக்காது, லைனுக்கும் போகும். பாலத்தடியில ரெண்டு பொடியள் கம்பத்தில நிக்கிறாங்கள். வாற வழியில நான் கதைச்சிட்டு வந்தனான்."

நஸூர் வயரை விட்டார். கையை மடியில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். "எனக்கு ஆரும் சொல்லேல்லையே" என்றார்.

அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. அவருடைய தொலைபேசியை வாங்கி அந்தக் கம்பனிக்காரனுக்கு எடுத்தேன். என் பெயரைச் சொல்லாமல், நீ சொன்ன மாதிரிச் செய்தால் என்ன நடக்கும் தெரியுமா என்று கேட்டேன். "சில இடத்தில வேலை செஞ்சிருக்கு" என்றான். சில இடத்தில்! மற்ற இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டான். அவன் இப்போதும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறான். வாசனையும் சப்பாத்தும் அப்படியே இருக்கும்.

முதலில் மெயினை இறக்கி, யாரும் கை வைக்காதபடி கம்பியால் கட்டினேன். மெயினை இறக்கிவிட்டோம், இனி அந்த வயரைப் பூட்டலாமே என்று நஸூர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சின்னப் பெட்டி சோலரின் வேகத்துக்குத் தாங்காது, பெட்டியும் போகும், காற்று மோட்டரும் எரியும், பிறகு லைன் வந்தாலும் ஓட மோட்டர் இருக்காது. ஏலாது என்றேன். பொருள் செத்துக்கொண்டிருக்க, செய்யக் கூடியதாகத் தெரியும் ஒன்றைச் செய்யாதே என்று சொல்லிக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அதைவிடக் கேவலமான நிலை இந்தத் தொழிலில் இல்லை. உங்களுக்கும் ஒரு நாள் வரும். அப்போது எல்லோரும் உங்களைத்தான் எதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஜெனரேற்றர் தேடினோம். புல்மோட்டைக்காரர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார், அது ஒரு கல்யாண வீட்டில் லைற் போடப் போயிருக்கிறது என்று. டவுனில் வாடகைக்கு விடுபவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. மின்சாரம் போனது இறக்கக்கண்டிக்கு மட்டுமா? விடுதிகளில் இருப்பவை சீமெந்துத் தரையில் இறுக்கிப் பூட்டிய பெரிய இயந்திரங்கள், தூக்க ஏலாது. குஞ்சுகளைக் களப்பிலேயே விட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். "கூட்டு வலைக் கண்ணுக்குள்ளால போயிடும் ஐயா, இன்னும் அந்த அளவு வரேல்ல" என்றார் பரீதா, சட்டியால் ஊற்றிக்கொண்டே.

ஊற்றும்போதுதான் அவருக்கு யோசனை வந்திருக்க வேண்டும். திடீரென்று கணவரைப் பார்த்துக் கத்தினார்.

"நிலாவெளியில வெள்ளைக்காரரை ஏத்துற போட்டுல, உள்ள வாற தண்ணிய இறைக்க சின்னப் பம்பு இரிக்குதே! அது பற்றரியிலதானே ஓடுது? ஓடுங்க, ஓடிக் கேளுங்க!"

படிவமும் கையெழுத்துமாகப் பத்து வருடம் போட்ட எனக்கு அது தோன்றவில்லை. நஸூர் மோட்டார் சைக்கிளில் பறந்தார். அரை மணித்தியாலத்துக்குள் மூன்று பம்பும் பற்றரிகளும் ஒரு ஓட்டோவில் வந்து இறங்கின. பம்பைத் தொட்டிக்குள் போட்டு, குழாயை உயரத்தில் கட்டி, தண்ணீர் மழை மாதிரித் திரும்ப விழும்படி செய்தோம். அந்தச் சின்ன மாற்றுப்பெட்டியையும் பற்றரியில் நேராகப் பூட்டி, அலங்கார மீன் வளர்க்கும் அயல் வீட்டிலிருந்து வாங்கி வந்த சின்னக் காற்றூதி ஒன்றை ஓடவிட்டோம். எல்லாம் சேர்ந்தும் இரண்டு தொட்டிக்குத்தான் காணும். எந்த இரண்டு என்று பரீதாதான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பெரிய குஞ்சுகள் இருந்த இரண்டையும் காட்டினார். மற்ற இரண்டு தொட்டியையும் பெண்கள் கையால் ஊற்றினார்கள். நானும் ஊற்றினேன். தண்ணீர் கைக்குச் சுடுகிற மாதிரி இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு அந்த இரண்டிலும் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கத் தொடங்கின. ஒரு பெண் அழுதுகொண்டே ஊற்றினார். செத்த குஞ்சுகளையும் சேர்த்து அள்ளித்தான் ஊற்ற வேண்டியிருந்தது.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் லைன் வந்தது. கட்டிய கம்பியை அவிழ்த்து மெயினை ஏற்றினேன். மோட்டர் ஓடியது. கொஞ்ச நேரத்தில் கூரைச் சோலரும் பச்சை விளக்கைக் காட்டியது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

இரண்டு தொட்டி தப்பியது. இரண்டு தொட்டி போனது. ஐந்து குடும்பத்துக்குக் குஞ்சு இல்லை, அந்த வருடம் கூடு வெறும் கூடு.

அந்தக் கிழமையே ஊருக்குள் கதை பரவிவிட்டது. நல்ல ஜெனரேற்றரைப் பரீதா விற்றுவிட்டார், ஊரின் குஞ்சைப் பணயம் வைத்துப் புதினமாகச் சோலர் போட்டார், பெண்பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுத்தால் இப்படித்தான் என்று. வலைக்கூட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அவர் வளவில் கூடுவதாக முடிவாயிற்று. இனிக் குஞ்சு வளர்ப்பை வேறு ஆளிடம் கொடுப்பதா என்பதுதான் கதை. நஸூர் எனக்குச் சொன்னார். "நீங்க வரத் தேவையில்ல ஐயா, சும்மா சொன்னனான்" என்றும் சொன்னார்.

மேலதிகாரியிடம் போனேன். அவர் நல்ல மனிதர், பிள்ளைகுட்டிக்காரர். "போகாதேயும். நாங்கள் செய்தது சரியான பரிசோதனை. மீற்றரோட எங்கட பொறுப்பு முடியுது. வாயைத் திறந்தீரெண்டால் அதை வைச்சு நட்டஈடு கேட்டுக் கடிதம் எடுத்துக்கொண்டு வருவாங்கள்" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. எல்லாரும் சரியாகச் செய்திருக்கிறோம், படிவம் சரி, கையெழுத்துச் சரி, இரண்டு தொட்டி குஞ்சு மட்டும் செத்துப் போயிற்று!

போனேன். கம்பனிக்காரனும் வந்திருந்தான். கையில் ஒப்பந்தக் கடதாசி, முழுக்க ஆங்கிலம். "மூண்டாம் பக்கத்துல போட்டிரிக்கு. லைன் இல்லாத நேரம் வேலை செய்யாதெண்டு. அக்கா கையெழுத்து வெச்சிரிக்கிறாங்க. வாசிக்காதது எங்கட பிழையா?" என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். பரீதா சுவரோரம் நின்றார். வலைக்கூட்டுக்காரர்களில் மூத்தவர் காசிம் காக்கா. அவர் கடதாசியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து இரிக்குத்தான்" என்றார். அந்த வார்த்தையோடு கதை முடிந்துவிடும் போல இருந்தது.

நான் எழும்பினேன். தப்பிய தொட்டிகளுக்காக, இன்னும் திருப்பிக் கொடுக்காத பற்றரிப் பம்புகளை முதலில் ஓடவிடச் சொன்னேன். எல்லோரையும் மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் வரச் சொன்னேன். இருபது பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வெளியே நல்ல வெயில்.

"சோலர் இப்ப வேலை செய்யுது. பச்சை லைற் தெரியுதோ?"

"ஓம்."

மெயினை இறக்கினேன். பச்சை விளக்கு அணைந்தது. மின்விசிறி மெல்ல நின்றது. காற்று மோட்டர் நின்றது. பின்னால் நின்ற ஒருவர், "பழுதாக்கிப் போட்டீங்களா?" என்றார்.

"பழுதில்லை. இது இப்படித்தான். லைன் போனால் இதுவும் போகும். ஊரே இருட்டில இருந்தாலும் நீங்கள் வெளிச்சத்தில இருப்பீங்கள் எண்டு இவர் இந்தப் பிள்ளைக்குச் சொன்னவர். நான் பக்கத்தில நிண்டு கேட்டனான். பொய் எண்டு எனக்குத் தெரியும். நான் சொல்லேல்லை. சரியெண்டு கையெழுத்து வைச்சிட்டுப் போனனான். என்னை நம்பித்தான் அவ ஜெனரேற்றரை வித்தவ."

மெயினை ஏற்றினேன். கம்பனிக்காரன் கடதாசியை மடித்தான். அவனை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. போய்விட்டான். காசிம் காக்கா மெயின் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பரீதாவுல பிழை இல்ல. அடுத்த வருசமும் குஞ்சு இங்கதான்." ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். என்னிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, நான் சரி போட்ட வீடுகளுக்கு என் சொந்த நேரத்தில் போய், மெயினை இறக்கிக் காட்டிவிட்டு வந்தேன். சிலர் ஏசினார்கள், சிலர் படலையைச் சாத்தினார்கள். வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினோமா என்று புதுப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கும்படி மூன்று முறை எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. உங்கள் கையில் இப்போது இருக்கும் டப்லட்டிலும் அந்தக் கட்டம் இல்லை என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கட்டம் இல்லாவிட்டாலும் உங்களுக்கு வாய் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு நான் மட்டும் மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பரீதா வந்தார். கோபமாக இல்லை. கணக்குப் பாடத்தில் விளங்காத இடத்தைக் கேட்கும் பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"இப்ப செஞ்சி காட்டினீங்களே, முதல் வந்த அண்டைக்கும் இதைத்தான் செஞ்சி பாத்தீங்களா?"

"ஓம்."

"எவ்வளவு நேரம் எடுத்திச்சி?"

"அரை நிமிசம்."

"அந்த நேரம் நான் எங்க நிண்ட?"

"குசினியில. எங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனீங்கள்."

பரீதா மெயின் பெட்டியைப் பார்த்தார். பிறகு குசினி வாசலைப் பார்த்தார். இரண்டுக்கும் இடையில் ஆறேழு அடிதான் இருக்கும்.

"ஒரு சத்தம் போட்டிருந்தா வந்திருப்பேனே ஐயா" என்றார்.